மரத்துப்போன பாதமும் நான் சாப்பிட்டுவந்த மாத்திரையும்

கால் மரத்துப்போகிறது என்று நம்ம ஊரில் யாரிடம் சொன்னாலும் பதில் தயாராக இருக்கும். சுகரா இருக்கும், டிஸ்க்கா இருக்கும், நின்னுக்கிட்டே வேலை பார்த்தா அப்படித்தான் இருக்கும். எனக்கு இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்கள். மூன்றுக்கும் வைத்தியம் பார்த்தேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது, சம்பளம் போனதைச் சேர்க்காமலே 40,000 ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போனது. கடைசியில் தெரிந்த காரணம் வைட்டமின் பி12 குறைவு. அதைக் கண்டுபிடிக்க ஆன ரத்தப் பரிசோதனைக்கு நான் கொடுத்தது 900 ரூபாய். இதை முன்கூட்டியே யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் என் கால் இன்றைக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 49. எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. முதலில் உள்ளங்காலில்தான் ஆரம்பித்தது. விரல் நுனிகளில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு உணர்வு, ராத்திரி படுத்தால் எரிச்சல். ரெண்டு காலிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்தது. இந்த விவரம் எவ்வளவு முக்கியமானது என்று அப்போது எனக்குத் தெரியாது, என்னைப் பார்த்தவர்களும் கேட்கவில்லை. கடையில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நாள் முழுக்க நிக்கறமல்லங்கா, எனக்குந்தான் கால் கடுக்குது." உண்மைதான். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். எங்கள் தளத்திலும் ஸ்டூல் வந்தது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக் கூட்டத்திலும் உட்கார நேரம்தான் கிடைப்பதில்லை. ஆனால் நிற்பதால் வருவது கடுப்பு, வீக்கம், பாரம். உணர்ச்சி குறைவது வேறு சங்கதி. வலியையும் மரப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் மருத்துவரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். "கால் ஒரு மாதிரியா இருக்குங்க" என்று சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வது கால்வலி என்றுதான்.

முதலில் போன இடத்தில் நரம்பு சுருட்டல், அதாவது காலின் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு போவது, இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்து எலும்பு மருத்துவர். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், 6,500 ரூபாய். ரிப்போர்ட்டில் இடுப்பு முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள எல்4–எல்5 தட்டு (டிஸ்க்) கொஞ்சம் பிதுங்கி இருப்பதாக வந்தது. அவ்வளவுதான், என் வியாதிக்கு டிஸ்க் என்று பெயர் வைத்தாகிவிட்டது. இடுப்பு பெல்ட், பிசியோதெரபியில் இடுப்பை இழுத்துவிடும் டிராக்‌ஷன், ராத்திரிக்கு ப்ரீகாபலின் மாத்திரை. அந்த மாத்திரையில் எரிச்சல் குறைந்தது, தூக்கமும் வந்தது. ஆனால் காலையில் கடைக்குப் போனால் தலை சுற்றும். அலமாரியின் மேல் தட்டிலிருந்து சேலை எடுக்க ஏணியில் ஏறவே பயந்தேன். ப்ரீகாபலின், கேபாபென்டின் எல்லாம் நரம்பின் எரிச்சலையும் குத்தலையும் அடக்குகிற மருந்துகள், நரம்பு கெட்ட காரணத்தைச் சரிசெய்கிறவை அல்ல. இதை எனக்கு எழுதிக் கொடுத்தவர் சொல்லவில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. தட்டு பிதுக்கம் 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்ததாம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. தலைமுடி நரைப்பது போல வயதோடு வருகிற மாற்றம் அது. ரிப்போர்ட்டில் பிதுக்கம் இருப்பதாலேயே உங்கள் கால் மரப்புக்கு அதுதான் காரணம் என்றாகாது. தட்டு நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு காலில்தான் தெரியும். இடுப்பிலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் வழியாக ஒரு கோடு மாதிரி வலி இறங்கும், இருமினால், தும்மினால் கூடும். எனக்கு இடுப்பில் வலியே இல்லை. ரெண்டு பாதமும் ஒன்றாக மரத்து, மெல்ல மெல்லக் கணுக்காலுக்கு ஏறியது. இந்த வித்தியாசத்தை ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் பெல்ட்டுக்கும் டிராக்‌ஷனுக்கும் ஆன பணம் மிஞ்சியிருக்கும்.

இதற்கு நடுவே வீட்டு வைத்தியமும் நடந்தது. மூலிகைத் தைலம் ஒரு பாட்டில் 1,800 ரூபாய். தேய்க்கும்போது இதமாகத்தான் இருந்தது, அதனால் தைலத்தைக் குறை சொல்ல மாட்டேன். என்னைப் பயமுறுத்தியது வெந்நீர். ஒரு நாள் ராத்திரி அத்தை, என் மாமியார், பாவம் என்று வெந்நீரில் உப்புப் போட்டு அண்டாவில் கொண்டுவந்து வைத்தார். காலை வைத்தேன், சுகமாக இருந்தது. காலையில் எழுந்து நடக்கும்போது தரையில் ஈரம். குனிந்து பார்த்தால் வலது பாதத்தின் ஓரத்தில் பெரிய கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வலி துளியும் இல்லை. அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் தொட்டுப் பாத்தனே கண்ணு, கை பொறுக்கற சூடுதான." அந்தப் புண் ஆற வெகுநாள் ஆனது, சர்க்கரை வேறு. மரத்த காலுக்கு வெந்நீர், ஒத்தடப் பை, நெருப்பு அனல் எதுவுமே வேண்டாம். குளிக்கிற தண்ணீரைக்கூட முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். கோயில் பிராகாரத்துக் கல் சித்திரை வெயிலில் சுடுவது உங்களுக்குத் தெரியாது. தோல் வெந்துவிடும்.

கொப்புளத்துக்குப் பிறகு சர்க்கரை மருத்துவரிடம் போனேன். "இது சுகர் நரம்புப் பாதிப்பும்மா, வந்தா வந்ததுதான், சுகரைக் கட்டுப்பாட்டில் வைங்க" என்றார். என்னுடைய மூன்று மாத சராசரி 6.9. பல வருஷமாக அந்த அளவில்தான் இருக்கிறது. கட்டுப்பாட்டில் இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது மனசு விட்டுப்போனது. இனி இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. மகள் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற சமயம், இன்னொரு செலவைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. சர்க்கரைக்காரர்களில் கால் மரப்புக்கு முதல் காரணம் சர்க்கரைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை இருப்பதாலேயே வேறு காரணமே இருக்கக் கூடாது என்று விதியா? சர்க்கரையும் பி12 குறைவும் சேர்ந்தும் இருக்கலாம். அதில் பி12 குறைவு ஊசியில் தேறக்கூடியது.

நிலைமை மோசமானது. செருப்பு காலை விட்டுக் கழன்று போனதே தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன், பின்னால் வந்த பெண் கூப்பிட்டுச் சொன்னாள். கை விரல் நுனியும் மரத்தது. பட்டையும் செயற்கைப் பட்டையும் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிறவள் நான். அந்த விரலுக்கு வித்தியாசம் தெரியாமல் போனபோது வயிற்றைப் பிசைந்தது. நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. எல்லாவற்றையும்விட விசித்திரம் குளியலறையில். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு சாயும், சுவரைப் பிடித்தாக வேண்டும். கண்ணைத் திறந்தால் சரியாகிவிடும். தலைசுற்றல் என்று நினைத்து இதை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை அண்ணன்தான் "இஎஸ்ஐ கார்டு வெச்சுக்கிட்டு ஏம்மா கைக்காசு போடறீங்க" என்று சத்தம் போட்டு அனுப்பினார். இஎஸ்ஐ என்பது சம்பளத்தில் சந்தா பிடித்துத் தருகிற தொழிலாளர் காப்பீடு. அங்கிருந்து எழுதிக் கொடுத்து, கோயம்புத்தூரில் நரம்பியல் பிரிவுக்குப் போனேன். கூட்டம், பாதி நாள் காத்திருப்பு. ஆனால் அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் செய்த பரிசோதனையை அதுவரை ஒருவரும் எனக்குச் செய்யவில்லை. காலணியைக் கழற்றச் சொன்னார். ஒரு இசைக்கவையைத் தட்டி, ரீங்காரம் அடிக்கும்போதே என் நெற்றியில் வைத்தார். அதிர்வு தெரிந்தது. கால் பெருவிரல் எலும்பில் வைத்தார். ஒன்றும் இல்லை. கணுக்கால் எலும்பில் வைத்தார். ஒன்றும் இல்லை. முழங்காலுக்கு வந்தபிறகுதான் லேசாகத் தெரிந்தது. பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல அசைத்து, "மேலயா கீழயா சொல்லுங்கம்மா" என்றார். என் விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியாகப் பாதங்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தேன், அவரே பிடித்துக்கொண்டார். "வீட்ல குளிக்கும்போதும் இப்படி ஆகுதா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலத்தில் என் கஷ்டத்தை நான் சொல்லாமலே ஒருவர் கேட்டது அப்போதுதான்.

அடுத்து அவர் கேட்டது மாத்திரைகளை. நான் பையில் வைத்திருந்ததை எல்லாம் மேஜையில் கொட்டினேன். சர்க்கரைக்கு மெட்பார்மின் ஒரு நாளைக்கு 2 கிராம், எட்டு வருஷமாக. நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல், தினமும் காலையில், அதுவும் பல வருஷமாக. அசைவம் உண்டா என்றார். இல்லை, வீட்டில் சைவம், பால் காப்பியோடு சரி என்றேன். அப்போதுதான் விளக்கினார். பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், முட்டை, இறைச்சி, ஈரல், பால், தயிர் இவற்றிலிருந்துதான். உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அமிலத்தை நான் மாத்திரை போட்டுக் குறைத்துக்கொண்டிருந்தேன். பிரித்ததைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்ச வேண்டும், அந்த உறிஞ்சலை மெட்பார்மின் குறைக்கிறது. மருந்தின் அளவு கூடக் கூட, வருஷம் கூடக் கூட இந்தக் குறைவும் கூடும். கல்லீரலில் சேமிப்பு சில வருஷங்களுக்கு இருக்கும் என்பதால் உடனே தெரியாது. சேமிப்பு தீர்ந்தபிறகு கால் நரம்பும், தண்டுவடத்தின் பின்பகுதியும் பாதிக்கப்படும். அதிர்வும் விரல் இருக்கும் நிலையும் தெரியாமல் போவது அந்தப் பின்பகுதி பாதிப்பால்தான். கண் திறந்திருக்கும்வரை பார்வை அதை ஈடுகட்டும். மூடினால் சாய்ந்துவிடுவோம். மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களில் பி12 குறைவுக்கான அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதிக்க வேண்டும், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் சொல்லியிருக்கிறது. அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலும் அப்படித்தான். எட்டு வருஷமாக எனக்கு மெட்பார்மின் எழுதிக் கொடுத்தவர்கள் பி12 என்ற சொல்லைக்கூட உச்சரித்ததில்லை. இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அதற்காக மெட்பார்மினை நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து, விலை மலிவு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள், எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். நானும் இன்றுவரை மெட்பார்மின் சாப்பிடுகிறேன். கூடவே பி12 பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பான்டோபிரசோலைத்தான் மருத்துவர் சொல்லிக் குறைத்துக் குறைத்து விட்டேன்.

பரிசோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். என்னுடைய பி12 214 பிகோகிராம் என்று வந்தது. அந்த லேப் போட்டிருந்த இயல்பு அளவு 187-இலிருந்து தொடங்குகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறியும் இல்லை, தடித்த எழுத்தும் இல்லை. வேறொருவர் பார்த்திருந்தால் நார்மல் என்று மடித்துக் கொடுத்திருப்பார். 200-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், 200-லிருந்து 300 வரை இரண்டுங்கெட்டான். அறிகுறி இருந்தால் அதை நார்மல் என்று விடக்கூடாது. இன்னொன்று, அதற்கு முன் மெடிக்கலில் கேட்டு வாங்கிய சத்து மாத்திரை ஒரு அட்டை சாப்பிட்டிருந்தேன். அதில் பி12 உண்டு. அப்படிச் சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு ஏறிக் காட்டும், நரம்பு பழைய நிலையிலேயே இருக்கும். ஊசியோ மாத்திரையோ ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். எனக்குச் சந்தேகம் தீர ஹோமோசிஸ்டீன் பார்த்தார்கள். 15 வரை இருக்கலாம், எனக்கு 38. பி12 குறைந்தால் அது ஏறும். ரத்த சோகை இல்லையே என்றும் ஏமாறக்கூடாது. ரத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்த சோகை தேறிவிடும், நரம்புப் பாதிப்பு பாட்டுக்கு உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

நரம்புக்கு நல்லது என்று பி6 அதிகமாக உள்ள மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் கவனியுங்கள். அளவு மீறிய பி6 தானே கால் மரப்பை உண்டாக்கும். அட்டையின் பின்புறம் பைரிடாக்சின் என்று போட்டிருப்பதுதான் அது.

வைத்தியம் எளிமையானதுதான். மெத்தில்கோபாலமின் ஊசி, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. எரிச்சல் சில வாரங்களில் அடங்கியது. நாக்கு முதலில் தேறியது. குளியலறையில் சுவரைப் பிடிக்காமல் நிற்க மாதங்கள் ஆனது. நரம்பு மீண்டும் வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதானாம், பாதம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் சிலருக்குக் குத்தல் கூடக்கூடும், அதைப் பார்த்து ஊசியை நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னார். கை விரல்கள் எனக்கு முழுசாகத் திரும்பிவிட்டன, துணியைத் தொட்டுச் சொல்லிவிடுகிறேன். கால் விரல்கள் திரும்பவில்லை. முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் வருவதுதான் பெரும்பகுதி, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு திரும்பும் என்றார் மருத்துவர். டிஸ்க்குக்கு வைத்தியம் பார்த்த காலத்தை நினைத்தால் இந்த இடத்தில்தான் வலிக்கிறது. பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

எல்லாக் கால் மரப்பும் பி12 அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளித்தொடையில் மட்டும் மரத்தால் இறுக்கமான பெல்ட், பாவாடை நாடா, கூடிய வயிறு இவை அங்கே போகும் நரம்பை அழுத்தியிருக்கலாம். கால் மேல் கால் போட்டோ, குத்தவைத்தோ நெடுநேரம் உட்காருகிறவர்களுக்கு முழங்காலுக்கு வெளிப்பக்கம் நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போகும். தைராய்டு குறைவு, மதுப்பழக்கம், காசநோய்க்கான ஐசோனியாசிட், சில புற்றுநோய் மருந்துகள் இவையும் காரணம். தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய்க்குப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மருந்து தருகிறார்கள், முழுசாகக் குணமாகும். அதனால் மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் காலின் படத்தை வரைந்து, மரத்த இடத்தைப் பேனாவால் நிழலடித்து, எந்த மாதம் எங்கே இருந்தது என்று எழுதிக் கொண்டுபோங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும் கொண்டுபோங்கள், நெஞ்செரிச்சல் மாத்திரை உள்பட.

காத்திருக்கவே கூடாதவை சில உண்டு. திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் மரத்து, வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதம், 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் வராமல் அடைத்து, அல்லது தெரியாமல் போய், உட்காரும் இடமெல்லாம் மரத்துப்போனால் முதுகுத்தண்டின் கீழ் நரம்புக் கற்றை நசுங்குகிறது, அன்றைக்கே மருத்துவமனை. சில நாட்களுக்குள் பலவீனம் பாதத்திலிருந்து தொடைக்கு ஏறி, எழுந்து நிற்க முடியாமல் போனாலும் அப்படித்தான், மூச்சுக்கு ஆபத்து.

இஎஸ்ஐ பற்றிக் கடைசியாக. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் கடைப் பெண்கள் பெரும்பாலோருக்கு அது பிடிக்கிறார்கள். அங்கே வைத்தியம் பார்த்து மருத்துவச் சான்று வாங்கினால், விடுப்பு எடுத்த நாட்களுக்கு ஊதியத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நான் கைக்காசில் வெளியே பார்த்த காலத்து விடுப்புக்கெல்லாம் அந்தச் சான்று இல்லாததால் ஒரு ரூபாயும் வரவில்லை. இந்த விவரத்தை எங்கள் கடையில் இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். மெட்பார்மின் சாப்பிடுகிறவர்கள் எங்கள் தளத்திலேயே சிலர் உண்டு. அவர்களும் பி12 பார்த்தார்கள். பில்லிங்கில் இருக்கும் அக்காவுக்கு 160-தான் இருந்தது. அவருக்கு இன்னும் விரல் நுனியில் லேசான குத்தல் மட்டும்தான். போன வாரம் ஊசி ஆரம்பித்திருக்கிறார்.